காட்டுநாயக்கன் பிள்ளைகளுக்கு எஸ்.டி. சான்றிதழ்: மதுரைப் பக்கம் கைகொடுங்க

வணக்கம் தோழர்களே. சமயநல்லூர் பக்கம் பிளஸ் டூ முடிச்ச காட்டுநாயக்கன் பழங்குடிப் பிள்ளைகள் சிலருக்கு இன்னும் சாதிச் சான்றிதழ் கிடைக்கல. அது இல்லாம எஸ்.டி. இட ஒதுக்கீடும் இல்லை. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள உள்ள குடும்பங்களுக்கான உதவித்தொகையும் இல்லை.

எஸ்.சி.க்குத் தாசில்தார் கையெழுத்து போதும், எஸ்.டி.க்குக் கோட்டாட்சியர்தான் கொடுக்கணும். மனு ரெண்டு இடத்துல மாட்டுது. டி.சி.யில 'காட்டுநாயக்கர்'னு எழுதியிருப்பாங்க, அரசுப் பட்டியல்ல 'காட்டுநாயக்கன்'. அடுத்து விசாரணை, அதிகாரிங்க பழைய தொழிலை வச்சுக் கேக்குறாங்க: "பன்னி வளர்க்கலையே, வேட்டைக்கும் போகலையே?" பேன்ட் போட்டு காலேஜ் போக ஆசைப்பட்டா பழங்குடி இல்லைன்னு ஆயிருமா?

இப்ப அவசரமா வேண்டியது, தகப்பன் வழி உறவுல யாராவது வாங்கின சான்றிதழோட நகல். 1989 நவம்பர் 11க்கு முந்தி எஸ்.டி.க்கும் தாசில்தார்தான் கொடுத்தாரு, அதுவும் உதவும். டிரங்குப் பெட்டிக்குள்ள மடிப்புல கிழிஞ்சு கிடந்தாலும் பரவாயில்லை, எண்ணும் தேதியும் தெரியுற மாதிரி படம் எடுத்து வைங்க. குழுவுல போடாதீங்க, தனியா அனுப்புங்க.

அந்த உறவைக் காட்டுற வம்சாவளி வரையத் தெரிஞ்சவங்க, மேல்முறையீடு எழுத ஒரு வக்கீல் இருந்தா சொல்லுங்க. வாயால 'முடியாது'ன்னு சொல்லி அனுப்பிட்டா மேல்முறையீடு போக முடியாது. எழுத்துல உத்தரவு வாங்கத் துணைக்கு வர்றவங்களும் வேணும்.