கேப்சைட்டபினோடு ஃபோலிக் ஆசிட் கொடுக்கலாமா?

தேவகோட்டை மகள்:
அப்பச்சிக்கு 64 வயசு. வலப்பக்கப் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்தது. இப்போது கீமோவாக ஆக்சாலிபிளாட்டின் ஊசி, கூடவே கேப்சைட்டபின் மாத்திரை 14 நாள், 7 நாள் இடைவெளி. சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின். சோர்வுக்கு என்று மருந்துக்கடையில் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி., பி காம்ப்ளெக்ஸ் இரண்டும் கொடுத்தார்கள். கொடுக்கலாமா? கீரையே ஆகாது என்கிறார் சொந்தக்காரர் ஒருவர்.

மருந்தாளுநர், காரைக்குடி:
கீமோ டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். கேப்சைட்டபின் உடம்புக்குள் 5-எஃப்யூ என்ற புற்றுநோய் மருந்தாக மாறி, டிஎன்ஏ உருவாகத் தேவையான தைமிடிலேட் சிந்தேஸ் நொதியை முடக்குகிறது. ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் இதன் மாத்திரை வடிவம்) கூடினால் அந்தப் பிடி இன்னும் இறுகும். சில கீமோவில் லூக்கோவோரின் என்ற ஃபோலேட் வகை மருந்தை டாக்டரே அளந்து சேர்ப்பது இதற்காகத்தான். அளவில்லாமல் சேர்ந்தால் பேதி, வாய்ப்புண், உள்ளங்கை உரிதல், வெள்ளணு இறக்கம் எல்லாம் கடுமையாகும். ஆணுக்கு ஒரு நாள் தேவை 300 மைக்ரோகிராம். அந்த மாத்திரையில் இருப்பது 5000! பி காம்ப்ளெக்ஸ் அட்டையையும் திருப்பிப் பாருங்கள், அதிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கலாம்.

வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாகப் பேதி போனாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுந்து போனாலோ கேப்சைட்டபினை நிறுத்திவிட்டு உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

உணவியல் ஆலோசகர்:
கீரைக்குத் தடையே இல்லை, சாப்பாட்டில் வரும் ஃபோலேட் இந்த அளவுக்கு ஏறாது. ஃபோலேட் தண்ணீரில் கரையும். வேகவைத்து வடித்தால் பாதி போய்விடும். நம்ம மணத்தக்காளித் தண்ணிச்சாறில் வெந்த தண்ணீரும் சாறிலேயே தங்கும், அரிசி களைந்த தண்ணியும் தேங்காய்ப்பாலும் வயிற்றுக்கு இதம். காரம் வேண்டாம். பேதி இருக்கும் நாளில் மட்டும் கீரையை விட்டு, மசித்த பருப்பு சோறு போதும்.

அவருக்குப் பார்க்க வேண்டியது பி12. அது உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். வலப்பக்க ஆபரேஷனில் அதில் கொஞ்சம் சேர்ந்தே போகும். மெட்ஃபார்மினும் உறிஞ்சுதலைக் குறைக்கும். பி12 குறைந்திருக்கையில் ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தோன்றும், நரம்புச் சேதம் பாட்டுக்கு நடக்கும். ஆக்சாலிபிளாட்டினாலும் கால் மரத்துப்போகும் என்பதால் எது எதனால் என்றே தெரியாமல் போகும். பி12 அளவை ரத்தத்தில் பாருங்கள். குறைவென்றால் ஊசி, ஃபோலிக் ஆசிட் கலக்காததாக.

தேவகோட்டை மகள்:
பி6 போட்டால் கை உரிவது நிற்குமாமே?

மருந்தாளுநர், காரைக்குடி:
சோதனைகளில் பலன் தெரியவில்லை. அளவு மிஞ்சி நெடுநாள் போட்டால் அதுவே மரத்துப்போக வைக்கும். யூரியா கிரீம் தடவுங்கள், வெந்நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.