வரிசைக்குப் பொருள், பேரினத்துக்கு ஒலி: 'சாட்டைக்காலி' குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் whip spider எனப்படும் ஆம்பிளிபைகி (Amblypygi) வரிசை உயிரிகளுக்குத் தமிழில் 'சாட்டைச் சிலந்தி' என்று பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த உயிரி சிலந்தியே அல்ல. இதற்கு வலை பின்னத் தெரியாது. இழை சுரக்கும் உறுப்பும் நஞ்சுச் சுரப்பியும் கிடையா. எட்டுக் கால்களில் ஆறு மட்டுமே நடக்க உதவுகின்றன. முன்னங்கால் இரண்டும் உடலைவிடப் பல மடங்கு நீண்டு, உணர்கொம்புகளாக இருட்டில் வழி தடவுகின்றன. சாட்டை என்று சொல்லத் தக்கவை அவைதாம். ஆகவே வரிசைக்கு (order) 'சாட்டைக்காலி' என்று வைக்கலாம். கணுக்காலி என்ற சொல்லைப் பள்ளியிலேயே படித்துவிட்டதால் மாணவர்கள் மிரள மாட்டார்கள்.

'மழுங்குபின்னி' என்று எழுதிய நண்பருக்கு: 1883இல் விலங்கியலாளர் தோரெல் வைத்த ஆம்பிளிபைகி என்ற பெயருக்குப் பொருள் அதுதான், பின்புறத்தில் வால்போல் நீளும் இழை (வாலிழை) இல்லை என்பதே கருத்து. ஆனாலும் கேட்டவுடன் கண்முன் எதுவும் தோன்றவில்லையே! உறவு வரிசையான சாட்டைத் தேளுக்கு அந்த வாலிழை உண்டு. அதைச் 'சாட்டைவாலி' என்றால் இரண்டும் சோடியாக நிற்கும்.

வரிசைக்குள் அடங்கும் பேரினங்களின் (genus) பெயர்களை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், ஒலிபெயர்த்தால் போதும். கார்ஷ் 1879இல் நிறுவிய ஃபிரைனிக்கஸ் இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் வாழ்கிறது. லமார்க் 1801இல் நிறுவிய ஃபிரைனஸ் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. இரண்டு பெயர்களுக்கும் வேர், தேரையைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல். தமிழாக்கினால் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரண்டும் ஒரே பெயரில் முட்டிக்கொள்ளும். பேரினப் பெயர்கள் நிலையானவையும் அல்ல. ஃபாப்ரீசியஸ் 1793இல் சாட்டைக்காலிகளுக்கு இட்ட பேரினப் பெயர் எது தெரியுமா? டரான்டுலா! மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளை உலகமே அப்படி அழைக்கத் தொடங்கியதில் குழப்பம் முற்றி, விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் அந்தப் பேரினப் பெயரை விலக்கியது. ஃபிரைனிக்கஸைக் கிரந்த எழுத்தின்றிப் 'பிரைனிக்கசு' என்று எழுதுவோருடன் எனக்குச் சண்டையில்லை. ஒரு கட்டுரைக்குள் ஒரே வடிவம் இருந்தால் போதும்.

சாட்டைக்காலிகளின் குடும்பங்களைப் பிரித்தறியும்போது பாத நுனியையும் பார்ப்பார்கள். சாரினிடே குடும்பத்துக்கு அங்கே வழுவழுப்பான பரப்பிலும் பற்றி ஏற உதவும் மென்மையான திண்டு இருக்கிறது, ஃபிரைனிக்கஸ் அடங்கும் ஃபிரைனிக்கிடே குடும்பத்துக்கு இல்லை. இதற்கு 'ஒட்டுத்திண்டு' என்று குறித்து வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.