மறுமொழி: வல்கனைசேஷனுக்குக் ‘கந்தகமேற்றம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

ரப்பரைப் பிசுபிசுக்காமல் உறுதியாக்கும் தொழில்முறையான வல்கனைசேஷன் என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே ‘கந்தகமேற்றம்’ முன்மொழியப்பட்டுள்ளது. உரோமரின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரை நாம் சுமக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் அந்த இடத்தில் கந்தகத்தை அமர்த்தத் தயங்குகிறேன்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்கள், மரத்தில் பால் வடியச் சீவிய வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை இழையிழையாக உரித்துப் பந்து சுற்றியிருப்பார்கள். நன்றாகத் துள்ளும் அந்தப் பந்து வெயிலில் கிடந்தால் பிசுபிசுத்துவிடும். பச்சை ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் கட்டுண்டு இராமல் சூட்டில் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதே காரணம். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அச்சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகி நழுவல் நிற்கிறது என்பதே, 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட மாற்றத்துக்கு இன்று நாம் தரும் விளக்கம். 100 பங்கு ரப்பருக்கு 2 அல்லது 3 பங்கு கந்தகம் என்றால் லாரி டயருக்கு ஏற்ற நெகிழ்வு கிடைக்கும். 30 பங்கைத் தாண்டினால், ஊற்றுப்பேனாவின் நாக்கைக் கடைந்தெடுக்கும் அளவுக்குக் கடினமான எபோனைட் ஆகிவிடும். (இரண்டும் ஒரே மரத்துப் பால் என்பதை பால் பிடிக்கும் மங்கு கழுவிய கைகள்கூட எளிதில் நம்பா.)

இதுவரை கந்தகம் பொருந்துகிறது. ஆனால் நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பருக்குப் பெரும்பாலும் துத்தநாக, மெக்னீசிய ஆக்சைடுகளையே சேர்க்கிறார்கள். பால்புட்டியின் சிலிக்கோன் காம்புக்குப் பெராக்சைடோ பிளாட்டினம் வினையூக்கியோ போதும். சன்னல் இடுக்கில் பூசும் சிலிக்கோன் பசை காற்றின் ஈரத்தாலேயே, சூடும் இன்றி, இறுகுகிறது. அதையும் தொழில்துறையினர் வல்கனைசேஷன் என்றே அழைக்கின்றனர். ஆகவே பொருளையோ சூட்டையோ பெயரில் வைத்தால், பாதிப் பொருள்களுக்கு அது பொய்யாகும்.

‘பிணைப்பேற்றம்’ என்பது என் முன்மொழிவு. மின்னேற்றம் பழகிய காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது. பிணைப்பேற்றிய ரப்பர், பிணைப்பேற்றாத ரப்பர் என வினையாகவும் வளையும். குறுக்குப்பிணைப்பு என்ற சொல் ஏற்கெனவே உள்ளதே என்பார்க்கு: அது பிசின், வண்ணப்பூச்சு எனப் பலவற்றிலும் நிகழும் பொது விளைவு, ரப்பர் வகைகளில் அதை வேண்டுமென்றே நிகழ்த்தும் தொழில்முறைக்கே இப்பெயர். கந்தகப் பிணைப்பேற்றம், பெராக்சைடு பிணைப்பேற்றம் என்று உட்பிரிவுகளையும் சுட்டலாம்.

கையுறை ஆலைகளில் கைவடிவ அச்சுகளை ரப்பர் பாலில் முக்குவதற்கு முன்பே அந்தப் பால் ஓரளவு இந்த மாற்றத்தை அடைந்திருக்கும். அதனை ‘முன்பிணைப்பேற்றிய பால்’ எனலாமா என்று ஆலைப் பணியில் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.