வேலூர்–போளூர் சாலைக்கு எத்தனை எண்கள்? வெளியூர்க்காரர்களுக்கு எதைச் சொல்வது?

கேள்வி: மலையடிவாரம்

திருவண்ணாமலையில் நான்கு அறைகள் வைத்து, கிரிவலம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். பௌர்ணமிக்கு முந்தைய இரண்டு நாட்களும் என் கைப்பேசி ஓயாது. பாதிப் பேர் ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள். அறை கேட்பதற்கு ஒரு முறை அழைப்பார்கள், வழி கேட்பதற்கு ஐந்து முறை அழைப்பார்கள். எனக்குத் தெலுங்கு கொஞ்சம் வரும். சித்தூர், காட்பாடி, வேலூர், கண்ணமங்கலம், போளூர், பிறகு நம் ஊர் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பெயர்கள் அவர்கள் காதில் நிற்காது. அதனால் போன ஆண்டு முதல், "வேலூரைத் தாண்டியதும் என்.எச். 38 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது உங்களை என் வாசலுக்கே கொண்டுவந்து விடும்" என்று சொல்லத் தொடங்கினேன்.

சென்ற மாதப் பௌர்ணமிக்கு முதல்நாள் இரவு திருப்பதியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வயதான தம்பதி, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி. மகன்தான் கார் ஓட்டினார். வேலூரைக் கடந்ததும் ஒரு பலகையில் 38 பார்த்திருக்கிறார். சற்றுத் தொலைவில், பச்சைத் தலையோடு எஸ்.எச். 9 என்று எழுதிய கல். அதற்கப்பால், வளைவில் நின்ற துருப்பிடித்த பலகையில் 234. நான் சொன்ன சாலையை விட்டு விலகிவிட்டோம் என்று அவருக்குப் பயம். கண்ணமங்கலம் கூட்டுரோட்டில் இடப்பக்கம் நல்ல அகலமான சாலை தெரிந்ததும், இதுதான் 38 போலிருக்கிறது என்று திரும்பிவிட்டார். அது ஆரணிச் சாலை.

ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்றுகொண்டு என்னை அழைத்தபோது இரவு மணி ஒன்றேகால். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அங்கிருந்து போளூருக்கு வழி சொல்லி, போளூரிலிருந்து இங்கே வரவழைத்து, அவர்கள் வந்து படுக்கும்போது மூன்று மணியாகிவிட்டது. பாட்டியின் கால்கள் வீங்கிப்போயிருந்தன. பதினான்கு கிலோமீட்டர் நடக்கவென்று ஆறு மாதமாக நேர்ந்துகொண்டு வந்தவர், மறுநாள் ராஜகோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் சுற்றினார். எண்ணை நம்பச் சொன்னவள் நான். அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரே சாலை; 9, 234, 38 என்று மூன்று எண்களும் எப்படி ஒரே நேரத்தில் நிற்கின்றன? இதில் எது சரி? நான் இனி வழி கேட்கிறவர்களுக்கு எதைச் சொல்வது?

பதில்: பழைய சாலை ஆய்வாளர்

அம்மா, நான் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன மூன்று எண்களுமே ஒரு காலத்தில் சரியானவைதான். கடலூரிலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகச் சித்தூர் போகும் சாலை மாநில நெடுஞ்சாலை 9. அதன் நடுவில் திருவண்ணாமலை–வேலூர் துண்டு தேசிய நெடுஞ்சாலையாக உயர்த்தப்பட்டு, மங்களூரிலிருந்து விழுப்புரம் வரும் 234இல் சேர்ந்தது. பிறகு 2010இல் நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றினார்கள். அப்போது வேலூரில் தொடங்கித் திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை 38 ஆயிற்று. இன்றைக்குச் சரியானது 38 மட்டுமே.

புதிய எண்களில் ஓர் அழகு இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம். வடக்கு தெற்காக ஓடும் சாலைக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். நம் மாநிலத்தில் கடலோரமாக 32, அதற்கு மேற்கே உங்கள் 38, அதற்கும் மேற்கே சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் 44, மலைக்கு அப்பால் மேற்குக் கரையில் 66. கிழக்கு மேற்காக ஓடுவதற்கு ஒற்றைப்படை, தெற்கே இறங்க இறங்க எண் கூடும். கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77, சேலம்–உளுந்தூர்பேட்டை 79, கோவை–திருச்சி–சிதம்பரம் 81, அதற்கும் கீழே திண்டுக்கல் வழியாக நாகப்பட்டினம் போகும் 83, மதுரை வழியாகத் தொண்டி போகும் 85, ராமேசுவரம் போகும் 87. ஏணிப்படி போல இறங்கிவரும். மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை. 544 என்றால் 44இன் கிளை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். மாநில நெடுஞ்சாலைகளில் இந்த ஏணி கிடையாது. ஆற்காடு–விழுப்புரம் 4, ஈரோட்டிலிருந்து உதகை 15, திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை 39. மனப்பாடம் செய்தால்தான் உண்டு.

கற்கள் ஏன் மாறவில்லை என்று கேட்கிறீர்கள். அரசிதழில் எண் மாறுவது ஒரே நாளில் நடந்துவிடும். கல்லில் மாறுவதற்கு மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். எண் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பணம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. அகலப்படுத்தும் வேலை வந்தால் அந்த ஒப்பந்தத்திலேயே புதுப் பலகைகளும் சேர்ந்து வரும். வேலை முடிந்த துண்டில் புது எண், வேலை வராத துண்டில் பழைய எண். உங்கள் திருப்பதி விருந்தினர் ஒரே இரவில் அந்தத் துண்டுகளைத்தான் மாறி மாறிக் கடந்திருக்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு, வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. எண் என்பது கல்லின் தலையில் மட்டும் இல்லை, கிலோமீட்டர் கணக்கிலும் இருக்கிறது. 9 கடலூரில் தொடங்கி வடக்கே எண்ணிக்கொண்டு போகும். 38 வேலூரில் தொடங்கித் தெற்கே எண்ணிக்கொண்டு வரும். கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அதனால் மாநில நெடுஞ்சாலைக் கல்லின் பச்சையை அழித்துத் தேசிய நெடுஞ்சாலையின் மஞ்சளைப் பூசினால் மட்டும் போதாது, செயினேஜ் என்கிற அந்தத் தொலைவுக் கணக்கு முழுவதையும் புதிதாக அளந்து ஒவ்வொரு கல்லையும் திருத்த வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒரு சாலையில் தலையை மட்டும் மஞ்சளாக்கிவிட்டு, கிலோமீட்டரைப் பழையபடி விட்டுவிட்டார்கள். விபத்து நடந்த இடத்தை ஒருவர் ஒரு கணக்கிலும் இன்னொருவர் வேறு கணக்கிலும் பதிவு செய்திருந்தார். எது எந்த வளைவு என்று கண்டுபிடிக்க நேரில்தான் போக வேண்டியிருந்தது.

பதில்: நாமக்கல் லாரி

அக்கா, இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். என் அனுபவத்தில் எண்ணைப் பார்த்து ஓட்டுகிறவன் வழி தவறுவான், ஊரைக் கேட்டு ஓட்டுகிறவன் போய்ச் சேருவான். எங்கள் ஊர்ச் சாலையை நாங்கள் இன்னும் 7 என்றுதான் சொல்கிறோம். அது 44 ஆகிப் பல வருடம் ஆயிற்று. சேலத்திலிருந்து கொச்சி போகிறதை 47 என்போம், பலகையில் 544 இருக்கும். ஓட்டுநர்களுக்குள் பேசும்போது பழைய எண்தான் வாயில் வரும்.

66 என்ற எண்ணால் ஒரு முறை நான் பட்டது போதும். பழைய 66 புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகிற சாலை, உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போவது. இப்போது 66 என்றால் பன்வேலிலிருந்து மங்களூர், கொச்சி வழியாகக் கன்னியாகுமரி வருகிற சாலை. சரக்கு அனுப்பியவர் துண்டுச்சீட்டில் "66 மேல் கிடங்கு" என்று எழுதிக்கொடுத்திருந்தார், ஊர்ப்பெயர் எழுதவில்லை. நான் பழைய 66 என்று நினைத்துக் கிருஷ்ணகிரிப் பக்கம் போய்விட்டேன். அவர் சொன்னது கேரளத்துக் கிடங்கு. ஒருநாள் வாடகையும் டீசலும் போயிற்று. அன்றிலிருந்து எண் சொன்னால் ஊரைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிடுவேன். நீங்களும் ஊர்ப்பெயரையே சொல்லுங்கள்.

மலையடிவாரம்

அண்ணா, நீங்கள் பட்ட பாடு புரிகிறது. ஆனால் ஊர்ப்பெயர் உங்களுக்கும் எனக்கும் எளிது. கண்ணமங்கலம் என்று எழுதிய பலகையைத் தமிழ் தெரியாதவர் இருட்டில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியுமா? ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது, உண்மை. அந்தத் தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெலுங்கு மட்டும் தெரியும், எண்களும் தெரியும். 38 என்று எழுதினால் அவருக்கும் புரியும், ஓசூரிலிருந்து வருகிற கன்னடக்காரருக்கும் புரியும், காசியிலிருந்து வருகிற சாமியாருக்கும் புரியும். எல்லாரும் படிக்கக்கூடிய எழுத்து சாலையில் அது ஒன்றுதான். அதையே மூன்று விதமாக எழுதி வைத்தால் அவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? எண்ணே இல்லாமல் இருந்திருந்தால்கூட அந்த மகன் கூட்டுரோட்டில் இறங்கி யாரையாவது கேட்டிருப்பார். எண் இருந்ததால்தான் கேட்காமல் திரும்பினார்.

பதில்: வரைபடத் தொண்டர்

நான் ஓய்வு நேரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலைகளைத் திருத்துகிறவன். அங்கே எங்கள் முதல் விதி, தரையில் என்ன இருக்கிறதோ அதையே வரைபடத்தில் போட வேண்டும் என்பது. அரசிதழில் ஓர் எண், தரையில் மூன்று எண்கள் என்றால் அந்த விதியே தடுமாறுகிறது. நாங்கள் நடப்பு எண்ணை ஒரு கட்டத்திலும், பழைய எண்ணைத் தனியாக இன்னொரு கட்டத்திலும் போடுகிறோம். இரண்டும் தேடலில் அகப்படும், ஆனால் எது பழையது என்பதும் தெரியும். சாலையிலும் இதையே செய்யலாம். அமெரிக்காவில் எண் மாறிய சாலைகளில் பழைய எண்ணுக்கு மேலே "பழையது" என்று சிறு தகடு வைக்கும் வழக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் புதிய எண்களைப் பலகைகளில் முன்பே எழுதி, பழைய எண் கொண்ட தகட்டால் மூடி வைத்திருந்தார்கள். 2013இல் அந்தத் தகடுகளைக் கழற்றினார்கள், சாலை புது எண்ணுக்கு வந்துவிட்டது. ஒரே பலகையில் இரண்டு எண்ணும் சேர்ந்து தெரியாத ஏற்பாடு அது.

உங்கள் கூட்டுரோட்டைப் பொறுத்தவரை எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. நேர்ச்சாலையில் கல்லில் என்ன எழுதியிருந்தாலும் பெரிய இழப்பில்லை, வண்டி அதே சாலையில்தான் போகும். பிரிகிற இடத்தில்தான் எண் உயிர்நிலை. கண்ணமங்கலத்தில் ஆரணிக்குத் திரும்பும் வாயில் அம்புக்குறியோடு 38 நேரே என்று ஒரு பலகை இருந்திருந்தால், அதற்கு முன்னால் பத்துக் கற்கள் தவறாக இருந்தும் உங்கள் விருந்தினர் நேரே வந்திருப்பார்.

பழைய சாலை ஆய்வாளர்

தம்பி சொல்வது முற்றிலும் சரி. அம்மா, மனு எழுதுவதென்றால் "எல்லாக் கற்களையும் மாற்றுங்கள்" என்று எழுதாதீர்கள். அது பெரிய மதிப்பீடு, வருடக்கணக்கில் கோப்பிலேயே கிடக்கும். "கண்ணமங்கலம் கூட்டுரோட்டிலும் போளூர் பிரிவிலும் எண்ணும் அம்புக்குறியும் கொண்ட பலகை வேண்டும், 234 என்று நிற்கும் பழைய பலகையை அகற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். பராமரிப்புச் செலவிலேயே அது முடிந்துவிடும். எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் இடையில் என்று குறிப்பிடுங்கள், பகலில் எடுத்த படம் ஒன்று, இரவில் வண்டி விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று என இணையுங்கள். இரவுப் படம் முக்கியம். பகலில் நன்றாகத் தெரிகிற பலகை, ஒளி திருப்பும் தாள் உரிந்துபோயிருந்தால் இரவில் வெறும் தகரம். கோட்டப் பொறியாளருக்கு ஒரு பிரதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதி. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

அதுவரை வழி கேட்கிறவர்களுக்கு 38ஐயே சொல்லுங்கள். கூடவே, "பச்சைத் தலையில் 9 பார்த்தாலும், பலகையில் 234 பார்த்தாலும் அதே சாலைதான், கண்ணமங்கலத்தில் திரும்பாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரம்

ஐயா சொன்ன வரியைத் தெலுங்கில் எழுதி, அறை பதிவு செய்கிற எல்லாருக்கும் இன்று காலையிலிருந்து அனுப்புகிறேன். கூட்டுரோட்டைப் படம் எடுத்து அதில் சிவப்புக் கோடு போட்டும் சேர்த்திருக்கிறேன். திருப்பதிக் குடும்பத்துக்கும் அனுப்பினேன். கார்த்திகை தீபத்துக்கு வருவதாக அந்தப் பாட்டி குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், இந்த முறை நடந்தே சுற்றுவாராம்.

இந்த ஞாயிறு இரவு என் தம்பியின் வண்டியில் போளூர் முதல் கண்ணமங்கலம் வரை போய்ப் படம் எடுக்கப் போகிறேன். கண்ணமங்கலத்துக்கும் வேலூருக்கும் இடையில் இருக்கிறவர்கள் யாராவது அந்தப் பகுதியை எடுத்துத் தர முடியுமா? கல்லின் தலையும் கிலோமீட்டரும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். திங்கட்கிழமை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.