ஐசொலேட்டட் போர்ட்ல போட்டா பேசவே முடியாதாம்! யாருக்குக் காது குத்துறீங்க?

ரேக்ரூம்வாசி: நேத்து ஒருத்தர் இங்க பாடம் எடுத்தாரு. ஹாஸ்டல்ல எல்லா அறையையும் ஐசொலேட்டட் விலான்ல (ஒரே நெட்வொர்க்குக்குள்ள போர்ட்டும் போர்ட்டும் நேரா பேசாம பிரிச்சு வைக்கிற ப்ரைவேட் விலான் முறை, சுருக்கமா பிவிலான்) போட்டாச்சாம், இனி ஒரு அறை இன்னொரு அறையோட பேசவே முடியாதாம். பேசும் சார். ரவுட்டர் வழியா பேசும். கேட்வேயோட, அதாவது அந்த ரவுட்டரோட, மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டோட வன்பொருள் முகவரி) போட்டு பக்கத்து அறை ஐபிக்கு பாக்கெட் விடுங்க. ப்ராமிஸ்குவஸ் போர்ட் (எல்லாரோடயும் பேச அனுமதி உள்ள போர்ட்) வழியா ரவுட்டருக்குப் போகும், ரவுட்டர் சமர்த்தா திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும். அங்க ஏசிஎல் (எதை விடணும், எதைத் தடுக்கணும்ங்கிற விதிப்பட்டியல்) போட்டாதான் நிக்கும்.

சுவிட்ச்சுந்தரம்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்ல வாய் வரலையா? ப்ரைமரி (முதன்மை) விலான் நம்பர் 100, அதுக்குள்ள ஐசொலேட்டட் விலான் 101. பக்கத்து அறைக்கு பிங் (பதில் வருதான்னு பாக்கிற சோதனை பாக்கெட்) அடிச்சேன், போகலை. முடிஞ்சுது.

ரேக்ரூம்வாசி: ஏன் போகலை? ரெண்டும் ஒரே சப்நெட் (ஒரே ஐபி வரம்பு), அதனால உங்க பிசி ரவுட்டர்கிட்ட போகாம நேரா ஆர்ப், அதாவது "இந்த ஐபியோட மேக் எது?"ங்கிற கேள்வி, கேட்டுச்சு; அது பக்கத்து அறைக்குப் போய்ச் சேரவே இல்ல. ரெண்டு பக்கமும் கேட்வே மேக்கை வெச்சு ஸ்டாட்டிக் ஆர்ப் (இந்த ஐபிக்கு இந்த மேக்னு கையால பதியறது) எழுதிட்டு அடிங்க. ரவுட்டர் வழியா போகும்.

சுவிட்ச்சுந்தரம்: எந்தப் பையன் ராத்திரி உக்காந்து ஸ்டாட்டிக் ஆர்ப் எழுதுவான்?

ரேக்ரூம்வாசி: எழுதுறவன் ஒருத்தன் போதும். அனுப்புறதுக்கு ஒரு பக்கம் எழுதினாலே ஆச்சு.

பழையகேபிள்: இவ்ளோ எதுக்கு? சிஸ்கோ 2960 சுவிட்சுல ப்ரொடெக்டட் போர்ட்னு (ஒண்ணோட ஒண்ணு பேசாத போர்ட்) ஒரே வரி கமாண்ட். பத்து வருஷமா ஓடுது.

ரேக்ரூம்வாசி: அண்ணே, அது அந்த ஒரு சுவிட்சுக்குள்ளதான். ட்ரங்க் (சுவிட்சையும் சுவிட்சையும் இணைக்கிற லைன்) தாண்டி அடுத்த சுவிட்சுல இருக்கிற ப்ரொடெக்டட் போர்ட்டோட தாராளமா பேசும். மாடிக்கு ஒரு சுவிட்ச் வெச்சவங்களுக்கு என்ன பிரயோஜனம்?

பழையகேபிள்: எங்க ஆபீஸ்ல ஒரே சுவிட்ச்தான் தம்பி.

விஎம்குமரன்: விஎம்வேர் (ஒரே சர்வர்ல பல மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓட்டுற மென்பொருள்) டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச்லயும் பிவிலான் இருக்கு. போர்ட் குரூப்ல (போர்ட்டுகளுக்கான செட்டிங் தொகுப்பு) ப்ராமிஸ்குவஸை ரிஜெக்ட்னு வெச்சா இந்த ஓட்டை அடைபடும்ல?

ரேக்ரூம்வாசி: அது வேற ப்ராமிஸ்குவஸ். அது மத்தவங்க ட்ராஃபிக்கை ஒட்டுக்கேக்க விடலாமா வேணாமாங்கிற செட்டிங். பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணாயிடுமா?

சுவிட்ச்சுந்தரம்: பெரிய வாத்தியார்! விடிபியை (விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்குப் பரப்புற சிஸ்கோ வசதி) ட்ரான்ஸ்பரன்ட் மோடுக்கு ஆக்காம "ப்ரைவேட் விலான் கமாண்டே எடுக்க மாட்டேங்குது"ன்னு இங்கயே மூணு நாள் புலம்பினது யாராம்?

ரேக்ரூம்வாசி: விடிபி வெர்ஷன் 3-ல அந்தக் கட்டாயமே கிடையாது, தெரிஞ்சுட்டு வாங்க. கேள்விக்கு வாங்க. ரவுட்டர் வழியா போகுமா, போகாதா?

சுவிட்ச்சுந்தரம்: ஆர்எஃப்சி 5517-ஐ (ப்ரைவேட் விலான் பத்தின இணையத் தொழில்நுட்ப ஆவணம்) படிங்க. ஐசொலேட்டட் போர்ட் ப்ராமிஸ்குவஸோட மட்டும்தான் பேசும்.

ரேக்ரூம்வாசி: அதைத்தானய்யா நானும் சொல்றேன்! அந்த ப்ராமிஸ்குவஸ்ல உக்காந்திருக்கிறதே ரவுட்டர்தான். அப்புறம், அது வெறும் இன்ஃபர்மேஷனல் (தகவலுக்கு மட்டும், தரநிலை இல்ல) ஆர்எஃப்சி. வேதமில்ல.

சுவிட்ச்சுந்தரம்: ஆர்எஃப்சியே வேதமில்லைன்னா உங்க பேச்சு மட்டும் வேதமா?

பழையகேபிள்: 2960-ல இந்தச் சண்டையே வராது.

ரேக்ரூம்வாசி: அண்ணே, நீங்க சும்மா இருங்க. சுந்தரம் சார், ஏசிஎல் போட்டீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

சுவிட்ச்சுந்தரம்: பிங் போகலைன்னு முதல்லயே சொல்லிட்டேன்.