‘அவர்கள்’ ராமநாதனை உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்களா?

கே.பாலசந்தர் படங்களில் காதல் கொடுமையாக மாறும் இடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எப்போதும் நடிப்புக்கும் வசனத்துக்கும் போய்விடுகிறது. இன்று வேறொன்று கேட்கிறேன். அந்தப் படங்களைப் பார்த்தபோது உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

என் பக்கத்தில் அக்கா இருந்தாள். எண்பதுகளின் நடுப்பகுதி. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் படமாக ‘அவர்கள்’ (1977) போட்டார்கள். அக்காவுக்குத் திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் மூன்றாவது வாரமாக எங்கள் வீட்டில் இருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அத்தானைப் பற்றி ஊரே நல்லபடியாகப் பேசும். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

படத்தில் அனுவாக சுஜாதா. திருமணத்துக்கு முன்பு அவளுக்குப் பரணியிடம் காதல் இருந்தது. கணவன் ராமநாதனுக்கு அது தெரியும். ரஜினிகாந்த் அந்த ராமநாதன். அவன் அந்தப் பழைய காதலை ஓர் ஊசிபோல் கையிலேயே வைத்திருக்கிறான், நினைத்தபோதெல்லாம் குத்துகிறான், குத்தும்போது முகத்தில் சிரிப்பு இருக்கிறது. அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. “பேச்சுதானே? காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் போயிற்று” என்றாள்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அடித்திருந்தால் உன்னிடம் காட்டியிருப்பேன், அம்மா.”

அப்பா எழுந்துபோய் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அவள் அனுவைப் பற்றிப் பேசவில்லை என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது.

பிற்பாதியில் ராமநாதன் திருந்தியவன்போல் வந்து நிற்பான். அப்போது அக்கா மெதுவாக, “நம்பாதே” என்றாள். இரண்டு வாரம் கழித்து அத்தான் பழங்களுடன் வந்தார், பணிவாகப் பேசினார். நாங்கள் நம்பினோம். அவளை அனுப்பிவைத்தோம். அவள் முழுதாகத் திரும்பி வர இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளுக்கு நாங்களும் பொறுப்பு என்பதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

* * *

சகோதரி, உங்கள் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டியவன்.

‘மூன்று முடிச்சு’ (1976) வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்து, கல்லூரி விடுதி நண்பர்களோடு மறுவெளியீட்டில் பார்த்தேன். ஏரிக் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். படகில் செல்வியும் அவள் காதலன் பாலாஜியும். துடுப்புப் போடுகிறவன் பிரசாத். செல்வி மீது அவனுக்கும் ஆசை. பாலாஜி தண்ணீரில் விழுகிறான், பிரசாத் காப்பாற்றவில்லை. பாட்டு மட்டும் நிற்கவில்லை. கண்ணதாசன் அதை அந்தாதியாக எழுதியிருந்தார். ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்குவார். ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் பாடிவந்த அந்தச் சங்கிலியில், பாலாஜி மூழ்கிய பிறகு எம்.எஸ்.விஸ்வநாதனின் குரல் பிரசாத்துக்காக நுழைகிறது. செத்தவனின் இடத்தில், செத்தவனின் பாட்டைக் கொலைகாரன் தொடர்கிறான். காதல் என்ற பெயரில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய படிமம் தமிழ் சினிமாவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு நாங்கள் பார்த்தது அவன் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதைத்தான். விடுதிக்கு வந்து அதையே பழகினோம். எங்களில் ஒருவன் பக்கத்துக் கல்லூரிப் பெண்ணின் பின்னால் ஓர் ஆண்டு சுற்றினான். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் கடிதங்களைக் கொண்டுபோய் அவள் கையில் திணித்தவன் நான். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அவள் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படிப்பே நின்றுபோயிற்று என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்களுக்கு அது ஒரு காதல் தோல்வி. அவனைத் தேற்றினோம்.

சென்ற ஆண்டு என் மகள் அந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு, “அவர் செத்துப்போன பிறகும் இவன் ஏன் பாடுகிறான், அப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக நினைவுக்கு வந்தது.

* * *

இரண்டு பதிவுகளும் நெஞ்சைப் பிசைந்தன. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயக்குநரை நீங்கள் இருவரும் எளிதாக விட்டுவிட்டீர்கள்.

ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்டில். ‘மூன்று முடிச்சு’ வெளியானது 1976 அக்டோபரில். அதாவது, இரண்டு ஆண்களின் ஆசைக்கு நடுவில் நின்று, பிறகு பிரசாத்தின் தந்தையையே மணந்து அவனுக்குத் தாயாகிப் பழிதீர்க்கிற செல்வியாக நடித்தவருக்கு 13 வயது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து என்னால் அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை. ‘அரங்கேற்றம்’ (1973) லலிதாவை நினைத்துப் பாருங்கள். குடும்பத்துக்காக உடலை விற்கிறாள், அந்தக் குடும்பமே அவளை ஒதுக்குகிறது, கடைசியில் புத்தி பேதலிக்கிறது. ‘கல்கி’யில் (1996) வேறொருத்தியின் கொடுமைக்காரக் கணவனுக்கு ஒருத்தி பாடம் புகட்டுகிறாள்; அதற்காக அவனோடேயே வாழப் போகிறாள். இவர் படத்துப் பெண்கள் நிமிர்ந்து நிற்பார்கள், உண்மைதான். ஆனால் நிமிர்ந்ததற்கான விலையை அவர்களே கொடுப்பார்கள், ஆண்கள் கொடுப்பது குறைவு.

இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏனென்றால் என்னை நான் அடையாளம் கண்டது அனுவிடம் அல்ல, ‘புதுப்புது அர்த்தங்கள்’ (1989) கௌரியிடம். கீதா நடித்த பாத்திரம். கணவன் பிரபலமான பாடகன். அவனை யார் ரசித்தாலும் அவளுக்குத் தாங்காது. திருமணமான புதிதில் என் கணவரோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். கௌரி சந்தேகப்படும் காட்சிகளில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவர் படும் பாடு எனக்குத் தெரிந்தது.

அவருடைய சட்டைப் பைகளை நான் சோதிப்பேன். அலுவலகத்திலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அன்றிரவு சாப்பிட மாட்டேன், அவரையும் சாப்பிட விடமாட்டேன். அவருடைய தங்கை வந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததற்காக ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். இதற்கெல்லாம் நான் வைத்திருந்த பெயர் அன்பு. அது பொய்யும் அல்ல. அவர் இல்லாமல் எனக்கு மூச்சு முட்டும். நான் இருந்ததால் அவருக்கு மூச்சு முட்டியது.

கௌரி எதனால் அப்படி ஆனாள் என்று அந்தப் படம் போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் ஆற்றாமை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு மனநல ஆலோசகர் கேட்டார். ‘உங்களை யார் விட்டுப் போனார்கள்?’ என்பது அவருடைய முதல் கேள்வி. அன்றைக்கு நான் அழுத அழுகையை என் கணவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதும் சேர்ந்துதான் இருக்கிறோம். பைகளைச் சோதிப்பதில்லை. ஆசை வரும், கையைக் கட்டிக்கொள்வேன்.

* * *

எனக்கு எழுபத்திரண்டு வயது. பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள்.

‘அவர்கள்’ படத்தில் அந்த மாமியாரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று இருந்தது. லீலாவதி நடித்திருப்பார். மகன் செய்த கொடுமைக்குத் தன்னால் ஆன கைம்மாறாக, மருமகள் வீட்டிலேயே ஆயாவாக வேலைக்கு இருப்பாள். அனு கடைசியில் எல்லா ஆண்களையும் விட்டு ரயில் ஏறுகிறபோது அவளோடு போகிறவளும் அவள்தான்.

நான் ராமநாதனைப் பெற்றவள். என் மகன் வெளியில் பேசினால் தேன். உள்ளே அந்தப் பெண்ணுக்குத் தினமும் ஒரு கேள்வி, ஒரு கணக்கு, ஒரு குத்தல். இரண்டு ஆண்டுகள் நான் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன், காதில் விழக் கூடாது என்று. படம் பார்த்தது எப்போதோ, ஆனால் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த அம்மாள் முகம் வரும். ஒருநாள் மருமகள் பெட்டியை எடுத்துவைத்தாள். “எங்கே போகிறாய்?” என்று நான் கேட்கவில்லை. குழந்தையின் துணிகளை மடித்துக் கொடுத்தேன். பஸ் நிலையம் வரைக்கும் போனேன். பிறகு நீதிமன்றத்திலும் அவள் பக்கம் நின்று, நான் கேட்டதைச் சொன்னேன். மகன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவன் என் பிள்ளைதான், மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

* * *

முதலில் எழுதியவள் மீண்டும் எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் பதிவை நேற்றிரவு அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. தனியாகத்தான் இருக்கிறாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். முழுவதும் கேட்டாள். பாத்திரம் கழுவிய இடத்தில் நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னாள்.

“என் மாமியாரும் அப்போது சமையலறையில்தான் இருப்பார்” என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, “அந்த மருமகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டுச் சொல்கிறாயா?” என்றாள்.

உங்கள் பேத்தியைக் கொண்டு இரண்டு வரி எழுதுங்கள், அம்மா. அக்கா காத்துக்கொண்டிருக்கிறாள்.