சூரமங்கலத்தில் லைன் வீடு: ஓய்வுக்கால வாடகைக்கு வாங்கலாமா?

வணக்கம்ங்க. ஓய்வுக்கால வருமானத்துக்குச் சேலத்தில் 40 லட்சத்தில் இடம் பார்க்கிறோம். அழகாபுரம் ஃபிளாட் என்றால் வாடகை 12,000. ஒரு மாதக் காலி, வீட்டு வரி, பராமரிப்பு போக வருஷத்துக்கு 1,20,000, அதாவது வெறும் 3 சதவீதம். முத்திரைத்தாள் 7, பதிவு 2 சதவீதம் வேறு தனி.

சூரமங்கலத்தில் அதே விலைக்கு லைன் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய நாலு போர்ஷன், வாடகை தலா 5,000. கணக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் மின் இணைப்பு ஒன்றே. யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறும், சப்-மீட்டர் வைத்தாலும் பங்கு பிரிப்பதில் சண்டைதான். போர்வெல், செப்டிக் டேங்க் இரண்டும் பொது. 30 வருஷ வில்லங்கச் சான்று சுத்தம். அனுமதி வரைபடத்தில் மட்டும் இரண்டே போர்ஷன்.

இதற்கு வங்கிக் கடன் கிடைக்குமா? தனித்தனி மின் இணைப்புக்கு என்னென்ன ஆவணம் கேட்கிறார்கள்? கோடையில் அந்தப் பக்கம் போர் வற்றுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.